இஸ்திரிப்பெட்டி வண்டியும் இரண்டு சம்பந்திகளும்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இப்படியொரு காரியம் செய்யத் தெம்பு வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், "மாமா எங்கடி, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டேன். "மாமா இஸ்திரிப்பெட்டிக்குள்ள இருக்காரும்மா" என்றாள். சொன்ன கையோடு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்கு இங்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எவ்வளவு கேட்டும், "குக்கர் அடிக்குது, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். குக்கர் எதுவும் அடிக்கவில்லை.

ஒரு மனிதர் உள்ளே போய் உட்காரக்கூடிய இஸ்திரிப்பெட்டி உலகத்தில் ஒன்றுதான் மிச்சம் இருக்க முடியும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இஸ்திரிப்பெட்டிக் கம்பெனி விளம்பரத்துக்காக அந்தக் காலத்தில் அதே வடிவத்தில் செய்த மோட்டார் வண்டிகள் நான்கு. மூன்று பழைய இரும்புக்குப் போய்விட்டன. நான்காவதை நாம் இருவரும் சேர்ந்துதானே இத்தனை வருடமாகத் தேடினோம்? எத்தனை கொட்டகை, எத்தனை முட்புதர்! பழைய விளம்பர வண்டிக் கண்காட்சியில் பாட்டில் வடிவ வண்டிக்கு அடியில் நீங்களும் நானும் மல்லாந்து கிடந்தபோது, வேறு வேலையில்லாமல் மரத்தடியில் நின்ற உங்கள் மகனும் என் மகளும் பேச ஆரம்பித்ததால்தானே நாம் சம்பந்தியே ஆனோம்?

நான் பல் டாக்டர். பிடுங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பிடுங்குவேன். நீங்கள் அதுகூடச் செய்யவில்லை.

போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் தகடு தட்டித் தட்டி மந்தமாகிவிட்ட உங்கள் காதுக்கு எட்டும்படி நான் கத்தினால், கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பல்வலியோடு எழுந்து ஓடிவிடுவார்கள். ஆகவே எழுத்தில் கேட்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இன்னமும் உங்கள் சம்பந்தி

----

பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதத்தை என் மனைவிதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என் முன்னால் வைத்து, "நல்லா வேணும்" என்றாள்.

ஆமாம், கிடைத்துவிட்டது. ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் கிடந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது, என்னைப் பார்த்து, 'யார் நீ?' என்பதுபோல் தலையைச் சாய்த்தது. பண்ணைக்காரர், "இதையா தேடி வந்தீங்க? மழைக்கு ஒழுகுமே" என்று பரிதாபப்பட்டார். நான் குனிந்து கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினால் ஆசையைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படி இருக்கிறது தெரியுமா? நாம் போட்டோவில் பார்த்ததைவிடப் பெரிது. முன் மூக்கு அப்படியே கப்பல் மாதிரி கூர்மை. மேலே கறுப்புக் கைப்பிடி, அதன் அடியில் ஒரு சாண் உயரக் கண்ணாடி. அந்த இடுக்கு வழியாகத்தான் டிரைவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வட்டம்கூட இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக. பருத்தி, பட்டு, கம்பளி என்று எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. கீழே ஆவி வரும் துளைகள். வலப்பக்கக் கதவை மடித்து இறக்கினால் மேஜை. கூட்டத்தில் ஒருவருடைய கசங்கிய சட்டையை வாங்கி, அந்த மேஜையில் தேய்த்துக் கொடுப்பார்களாமே, அதே மேஜை!

ஏன் சொல்லவில்லை என்றால், உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அடுத்த ரயிலில் வந்து நின்று, "ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது" என்பீர்கள். நான் வாழ்நாள் முழுக்க பஸ்ஸுக்குப் பாடி கட்டியவன். நசுங்கிய தகட்டைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. பழைய தகடு முழுவதையும் உரித்துவிட்டு, புதிதாக அடித்து, கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடலாம் என்று இருந்தேன். பார்த்த பிறகு உங்களுக்குக் கோபம் வராது என்று ஒரு நப்பாசை.

மன்னிக்கவும். ஆனால் அடுத்த வாரம் உரிக்க ஆரம்பிக்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி

----

பிப்ரவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

உரிக்கக் கூடாது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் காது கேட்காதவர்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர், "எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா கட்டிருங்க டாக்டர், அழகா இருக்கும்" என்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடிக்கும்போது அது வேறு யாரோ கடிப்பதுபோல் இருக்கும். ஆடுகிற பல்லைக்கூட நான் சுலபத்தில் எடுப்பதில்லை. தேய்ந்த பல்லும் அவருடைய பல்தானே!

அந்த வண்டியை ஏன் இப்படிப் பைத்தியமாகத் தேடினோம் என்று யோசியுங்கள். ஊரே சிரிக்கும் என்று தெரிந்தும் ஒருவர் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறார். இன்னொருவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது ஒருவர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஊர் ஊராக ஒரு இஸ்திரிப்பெட்டியை ஓட்டியிருக்கிறார். அந்த மூன்று பேரும் தொட்ட தகடு அது. அதை உரித்துவிட்டு நீங்கள் புதிதாக அடித்தால், அது உங்கள் வண்டி. நன்றாகவே இருக்கும், உங்கள் கைவேலை எனக்குத் தெரியாதா? ஆனால் நாம் தேடியது அதை இல்லை.

மார்ச் நடுவில் வருகிறேன். அதுவரை தார்ப்பாயைப் போட்டு மூடி வையுங்கள். மீறித் தொட்டீர்களென்றால் நான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். சும்மா சொல்லவில்லை.

சம்பந்தி

----

மார்ச் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். வெயில் அதிகம். வண்டி வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. மாடி அறைக்கு வெள்ளையடிப்பதால் இப்போது வந்தால் உங்களுக்குத் தங்க வசதிப்படாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவை நேரில்.

சம்பந்தி

----

மார்ச் 7

சம்பந்தி அவர்களுக்கு,

ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு போல்ட்டைப் பற்றியே ஆறு பக்கம் எழுதுகிறவர் நீங்கள்.

என்ன நடந்தது?

மகளுக்குப் போன் செய்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறாள். மாப்பிள்ளையிடம் கொடு என்றால் தூங்குகிறார் என்கிறாள். பகல் பதினொரு மணிக்கு மாப்பிள்ளை எதற்குத் தூங்குகிறார்? உங்கள் மனைவி வாங்கி, "நல்லாருக்கோம், நல்லாருக்கோம்" என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

உரித்துவிட்டீர்களா? உரித்திருந்தால் உரித்தேன் என்று எழுதிவிடுங்கள். சண்டை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சம்பந்தி

----

மார்ச் 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உரிக்கவில்லை. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அடிச்சட்டத்தைப் பார்ப்பதற்காக, உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கைப்பிடிக்கு அடியில் சங்கிலி கொடுத்து வண்டியைத் தூக்கினேன். நாற்பது பஸ் தூக்கிய சங்கிலி. சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே தகடு, உள்ளே மரச்சட்டம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கோழி எச்சத்தில் ஊறி ஊறி மரம் ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. தலை உயரத்துக்கு எழும்பியதும் நடுவில் பிளந்தது. மூக்குப் பாதி சங்கிலியில் தொங்கியது. பின்பாதி இடப்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்து அப்பளமாக நசுங்கியது.

உங்கள் மாப்பிள்ளை அதுவரை அடியில்தான் படுத்திருந்தான். ஸ்பேனர் சரியில்லை என்று வேறு எடுக்க வெளியே வந்தான். வந்தவன் தோளில் தகட்டின் ஓரம் உரசி, தையல் போட்டிருக்கிறது. நன்றாக ஆறிவிட்டது, கை முழுதாக மேலே தூக்குகிறான், நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஸ்பேனர் சரியாக இருந்திருந்தால் என்று நினைத்துவிட்டால் அதற்கு மேல் என்னால் எழுத முடிவதில்லை.

உங்கள் மகள் டீ கொண்டுவந்து கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. உங்களிடமும் சொல்லாமல் இருந்தது நான் கேட்டுக்கொண்டதால் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும் என்று அவள் அத்தையிடம் சொன்னாளாம்.

பட்டறைக் கதவைப் பூட்டிவிட்டேன். உள்ளே போக மனசில்லை. துண்டுகள் வேண்டுமானால் லாரி அனுப்புங்கள். எனக்கு இந்தப் பைத்தியம் போதும்.

சம்பந்தி

----

ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மகள் சொன்னாள். அதாவது, என்னிடமே சொன்னாள். "அம்மா ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்க மாமா." ஐந்து வார்த்தை. எண்ணிக்கொண்டேன்.

நீங்கள் வந்து இறங்கிய அன்று, திட்டுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் நேராக மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளைப் பார்த்தீர்கள். தையலைப் பார்த்து, "போட்டவருக்குக் கை நடுங்குதோ?" என்றீர்கள். பிறகு மகளை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனவர்கள் சாயங்காலம்தான் இறங்கினீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. இறங்கி வந்து என்னிடம் கையை நீட்டி, "சாவி" என்றீர்கள். நான் தயங்கியபோது என் மனைவி என் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நீங்கள் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து, நோயாளி வாயைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நசுங்கின தகட்டுக்குள் விட்டு, ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்ததை நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இது பிழைக்கும்... இது பிழைக்கும்... இது போச்சு..." உதட்டசைவிலேயே புரிந்தது. என்னை அறியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது வேலை நிலவரம். முதலில் உங்கள் மகளின் சட்டம். வண்டிக்கு அடியில் யாராவது போவதென்றால் நான்கு மூலையிலும் முட்டுக்கட்டை வைத்து, அவள் வந்து ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் போக வேண்டும். உதைக்கிற உதையில் என்னையே உதைப்பதுபோல் இருக்கிறது. அதற்கு நான் தகுதியானவன்தான்.

மரச்சட்டம் முழுவதும் புதிது. வெளியே, வலப்பக்கத் தகட்டை நீங்கள் சொன்னபடி தொடவில்லை. கோழி கொத்திய வடுகூட அப்படியே இருக்கிறது. இடப்பக்கம்தான் தொல்லை. தட்டித் தட்டிப் பாதியை நிமிர்த்திவிட்டேன். மீதிக்குப் புதுத் தகடுதான். "புதுசு போடலாம், ஆனா பழசு மாதிரி வேஷம் போடக் கூடாது" என்றீர்களே, அதற்குக் கட்டுப்பட்டு, ஒட்டின இடம் தெரியும்படியே விட்டிருக்கிறேன். ஐம்பது வருடமாக ஒட்டு தெரியாமல் வேலை செய்து பெயர் வாங்கினவன். கை கூசுகிறது.

நீங்கள் பல் அச்சு எடுக்கிற பசையை வைத்து வலப்பக்கத்து வட்டத்தில் அச்சு எடுத்தீர்களே, அதிலிருந்து இடப்பக்கத்துக்கு வார்த்தாகிவிட்டது. 'பட்டு' எழுத்தில் ஒரு சின்ன முற்றுப்புள்ளி கூடுதலாக வந்திருக்கிறது. அது பசைக்குள் விழுந்த எறும்பு என்று உங்கள் மாப்பிள்ளை கண்டுபிடித்தான். எடுக்கவா, விடவா?

பசை கலக்கிய பாத்திரத்தைப் பற்றி என் மனைவி உங்களிடம் தனியாகப் பேசுவாளாம்.

அன்புடன்,
சம்பந்தி

----

ஆகஸ்ட் 19

அன்புள்ள சம்பந்தி ஐயா,

எறும்பு இருக்கட்டும் என்று நான் சொன்னது எவ்வளவு நல்லது பார்த்தீர்களா! கண்காட்சியில் அதைத்தான் அதிகம் பேர் தொட்டுப் பார்த்தார்கள்.

நேற்றெல்லாம் நீங்கள் பக்கத்திலேயேதான் நின்றீர்கள், ஆனால் அவ்வளவு கூட்டத்தின் இரைச்சலில் உங்களுக்கு ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது என்று ரயிலில் வரும்போது தோன்றியது. உங்களுக்குக் கேட்காததை எல்லாம் எழுதுகிறேன்.

வண்டி வாசல் வளைவுக்குள் நுழைந்தபோது முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு யாரோ, "ஐயோ, இஸ்திரிப்பெட்டி!" என்றார். அதற்குப் பிறகு எழுந்தது சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. வயதானவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கைப்பிடிக்கு அடியில் அந்த இடுக்குக் கண்ணாடியில் என் மகளின் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் இந்தக் கண்காட்சிக்கு வருவதென்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள், இதை ஓட்டப் போகிறேன் என்று தானாகவே கேட்டு வாங்கி ஓட்டினாள். முன்னால் நடந்து வழிகாட்டிய மாப்பிள்ளை கையைக் காட்டின பக்கமெல்லாம் ஒழுங்காகத் திருப்பினாள். "வீட்டுல இப்படித் திரும்ப மாட்டேங்கிறாளே" என்று அவர் சொன்னதும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

ஆவி 'புஸ்' என்று வந்ததும் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் பழைய சிநேகிதர், அந்தப் பேனா வண்டிக்காரர், இடப்பக்கம் வந்து, "இதென்ன, பூரா ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு? சுத்தமா செஞ்சிருக்கலாமே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஒரு அம்மா, எனக்கு முன்பின் தெரியாதவர், "விழுந்து எழுந்திருக்குதுங்க. விழுந்தது தெரியத்தானே செய்யும்?" என்றார். நான் நாலு மாதமாக உங்களிடம் பேசிப் புரிய வைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பேனா வண்டிக்காரர் அப்புறம் ரொம்ப நேரம் அங்கேயே நின்று ஒட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். வலப்பக்க மேஜையை இறக்கியதும் ஒருவர் தன் சட்டையையே கழற்றி நீட்டினாரே, பனியனோடு நின்றாரே, அப்போது உங்கள் மனைவி இஸ்திரியைக் கையில் எடுத்தார். பிறகு ஆட்கள் வரிசைகட்டி நின்றுவிட்டார்கள். தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் சட்டையவே நான் தேய்ச்சது கிடையாது. இன்னைக்கு ஊர் சட்டையெல்லாம் தேய்க்கிறேன்." சட்டைக்காரர், "வண்டி யார் கட்டினது?" என்று கேட்டார். "அதோ நிக்கிறாரே, அவருதான். அவருக்குக் காது கேக்காது. ஆனா எஞ்சின்ல கையை வெச்சாருன்னா எங்க தப்பா சத்தம் வருதுன்னு சொல்லிருவாரு. பாதி அவரு கட்டினது, பாதி எங்க சம்பந்தியம்மா காப்பாத்தினது" என்றார்.

நீங்கள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்புடன்,
சம்பந்தி

----

செப்டம்பர் 6

அன்புள்ள சம்பந்தி ஐயா,

உங்கள் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். காரணம் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை கடைவாய்ப் பல் அடைக்க ஒரு மர வியாபாரி வந்தார். வாய் நிறையப் பஞ்சு. சுவரில் நான் மாட்டியிருக்கும் நம் இஸ்திரிப்பெட்டிப் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். பஞ்சை எடுத்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றேன். "எங்க பழைய கிடங்குல தையல் மிஷின் மாதிரி ஒண்ணு நிக்குது டாக்டர். இதே சைஸ்" என்றார்.

தையல் மிஷின் வண்டி! அது ஓடியது என்று சொல்லத்தான் கேட்டிருக்கிறோம், ஒரு போட்டோகூட இல்லை. சும்மா கட்டுக்கதை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு மீதி இருந்த நோயாளிகளை எப்படிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் கிளினிக்கைப் பூட்டினேன். என் வீட்டுக்காரரிடம் அவசர வேலை என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே, "வண்டியா?" என்றார். காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். ஆமாம், தனியாக. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பேசி முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் வந்தால், வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடப்பதற்குள்ளேயே எதை உரிக்கலாம் என்று பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். இங்கே கொண்டுவந்து மூடி வைத்து, என் இஷ்டப்படி தினமும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

கிடங்கு வாசலில் காரை நிறுத்தினேன். தகரக் கதவின் இடைவெளியில் ஏதோ வளைவாக, கறுப்பாகத் தெரிந்தது. பிப்ரவரியில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உங்களைத் திட்டி எழுதிய வரியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சில வரிகள் நன்றாகத்தான் இருந்தன, ஆனாலும்.

காரை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் கதவைத் தட்டுவேன். தட்டினால் நானே எல்லாம் பேசி முடித்திருப்பேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அது உண்மையிலேயே தையல் மிஷினா, இல்லை பழைய பாய்லரா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்களோடு சேர்ந்துதான் தெரிந்துகொள்வேன். ஆனால் ரொம்ப நாள் தாங்க மாட்டேன். சொல்லிவிட்டேன்.

சம்பந்தி

----

செப்டம்பர் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிட்டேன். "கையையாவது கழுவுங்க" என்று என் மனைவி கத்தினாளாம். உங்கள் மகள் பையில் துணி எடுத்து வைத்தாள், மாத்திரை எடுத்து வைத்தாள். "மாமா, அம்மா சொன்னதுக்கப்புறம்தான் சுத்தியல எடுக்கணும்" என்று காதருகே வந்து சொன்னாள். பிறகு சுத்தியலையே பையிலிருந்து எடுத்துவிட்டாள்.

ராத்திரி முழுக்க ரயிலில் தூக்கம் இல்லை. திட்டி எழுதிய வரிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவை எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றையும் திருப்பி வாங்க வேண்டாம்.

தையல் மிஷினாக இருந்தால் சக்கரம் சுற்றினால் ஊசி மேலும் கீழும் போக வேண்டும். அதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று இரண்டு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். பாய்லராக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வருவோம்.

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் வாசல் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணியை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டேன். அது அடிக்கிறதா, நீங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறீர்களா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

படித்துக்கொண்டு நிற்காமல் கதவைத் திறங்கள்.

சம்பந்தி